பல்லாவரம் கருங்கல்லுக்கு ஒரு பெயர் இருக்கிறது

வணக்கம். பின்னால் ரயில் சத்தம் கேட்கிறதா? பல்லாவரத்தில் குன்றுக்குப் பக்கத்தில் நிற்கிறேன். கையில் இருப்பது ஜல்லிக் குவியலில் பொறுக்கிய துண்டு. கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டு வருகிறேன். பார்த்ததும் கறுப்பு என்பீர்கள். கொஞ்சம் சாய்த்தால் பச்சை. எண்ணெய் தடவினாற்போல் ஒரு மினுமினுப்பு.

நாம் எல்லாவற்றையும் கருங்கல் என்று சொல்லிவிடுகிறோம். இதன் பெயர் சார்னகைட். கல்கத்தாவில், செயின்ட் ஜான் தேவாலய வளாகத்தில், கிழக்கிந்தியக் கம்பெனியின் ஜாப் சார்னாக் கல்லறை இருக்கிறது. அதன் மேல் பதித்த கல்லை ஆராய்ந்த புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட், பரங்கிமலைப் பக்கத்துப் பாறையும் அதுவும் ஒன்றுதான் என்று கண்டார். 1893-ல் சார்னாக்கின் பெயரையே பாறைக்குச் சூட்டினார்.

சரி, உள்ளே என்ன இருக்கிறது? பெரும்பகுதி ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம். பூமியின் மேலோட்டிலேயே ஏறக்குறைய பாதி அதுதான். அப்புறம் குவார்ட்ஸ், இதில் லேசாக நீலம் ஓடும். இவை இரண்டும் கிரானைட்டிலும் உண்டு. இதைச் சார்னகைட் ஆக்குவது இரும்பும் மெக்னீசியமும் உள்ள ஹைப்பர்ஸ்தீன் என்ற கனிமம். எனக்கு இந்தக் கல்லில் மிகப் பிடித்தது அதுதான், ஏனென்றால் கல் பிறந்த இடத்தை அதுதான் காட்டிக்கொடுக்கிறது. பாறை உருவாகும்போது தண்ணீர் தாராளமாக இருந்திருந்தால், அந்த இரும்பும் மெக்னீசியமும் கறுப்பு மைக்காவாக மாறியிருக்கும், நம் ஊரில் காக்காப்பொன் என்கிறோமே, அதன் கறுப்பு வகை. இங்கே தண்ணீர் மிகக் குறைவு, சூடு 700 டிகிரிக்கும் மேல். அப்படி ஓர் இடம் மேலோட்டின் அடிப்பகுதியில்தான், சுமார் 20 கிலோமீட்டர் ஆழத்துக்கும் கீழே. வயது ஏறக்குறைய 250 கோடி ஆண்டு. மேலே இருந்த அத்தனை பாறையும் தேய்ந்து கரைந்த பிறகுதான் இது வெயிலைப் பார்த்திருக்கிறது. நீலகிரியும் சேர்வராயனும் பெரும்பாலும் இதே பாறைதான்.

இந்தக் குன்றைத் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறார்கள். தயவுசெய்து இங்கே சுத்தியல் வைக்காதீர்கள். வீட்டுப் பக்கம் ஜல்லி கொட்டியிருந்தால் அதில் ஒன்றை எடுத்து நனைத்துப் பாருங்கள், ஈரத்தில் பச்சை நன்றாகத் தெரியும். நீல குவார்ட்ஸ் கண்ணில் பட்டால் எந்த ஊர் ஜல்லி என்று எனக்கு எழுதுங்கள்.