ஜம்போ என்றொரு யானை

நேயர்களுக்கு வணக்கம். ரொம்பப் பெரியது என்று சொல்ல ஆங்கிலத்தில் உள்ள சொற்களையும், அவற்றோடு இயைந்து ஒலிக்கும் சொற்களையும் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். இது எனக்குப் பல வருடப் பைத்தியம். பிக், ஹ்யூஜ் எல்லாம் உங்களுக்கே தெரியும். எனக்குப் பிடித்தவை வேறு. யாருடையதோ, எதனுடையதோ பெயராக இருந்து, பிறகு 'பெரிய' என்று பொருள் மாறிப்போனவை.

ஜம்போவையே எடுத்துக்கொள்வோம். சிப்ஸ் பாக்கெட்டில் ஜம்போ, விமானத்தில் ஜம்போ, அனில் கும்ப்ளேவுக்குச் செல்லப்பெயரும் ஜம்போ. பெரியது என்ற பொருளில் இதை ஊர் ஊராகப் பரப்பியது ஓர் ஆப்பிரிக்க யானை. 1865-ல் லண்டன் மிருகக்காட்சி சாலைக்கு வந்தது. குழந்தைகள் அதன் முதுகில் சவாரி போவார்கள். 1882-ல் அமெரிக்க சர்க்கஸ்காரர் பார்னம் அதை 2,000 பவுண்டுக்கு வாங்கிவிட்டார். லண்டனில் ஒரே கொந்தளிப்பு! பள்ளிப் பிள்ளைகள் விக்டோரியா மகாராணிக்கே கடிதம் எழுதினார்கள். யானையும் போக மாட்டேன் என்று தெருவில் படுத்துக்கொண்டது. பார்னத்துக்கு என்ன, காசு செலவில்லாத விளம்பரம்!

அமெரிக்கா போனதும் ஜம்போ பெயரில் விற்காத பொருளே இல்லை என்றாயிற்று. 1884-ல் புரூக்ளின் பாலம் தாங்குமா என்று சனங்களுக்குச் சந்தேகம். பார்னம் 21 யானைகளை அதன்மேல் நடத்திக் காட்டினார், ஜம்போவும் போனது. அடுத்த வருடமே கனடாவில் செயின்ட் தாமஸ் ஊரில் ரயில் மோதிச் செத்தது. அப்போதும் பார்னம் விடவில்லை. தோலைப் பாடம் செய்து ஒரு பக்கம், எலும்புக்கூடு ஒரு பக்கம் என்று இரண்டையும் ஊர்வலம் விட்டார். தோல் பிறகு டஃப்ட்ஸ் பல்கலைக்கழகம் போய்ச் சேர்ந்து, 1975-ல் தீயில் எரிந்தது. சாம்பலை அள்ளி எதில் வைத்தார்கள் தெரியுமா? கடலை வெண்ணெய் டப்பாவில்! அந்த டப்பா இன்னும் பத்திரமாக இருக்கிறது.

யானையிலேயே நின்றுவிட்டேன், மன்னியுங்கள். மாமத்துக்கு வருவோம். இதுவும் மிருகத்தின் பெயர்தான், எப்போதோ அழிந்துபோன ஒரு யானை இனம், அதை மறக்காதீர்கள். 1801-ல் பிலடெல்ஃபியாவில் பீல் என்ற ஓவியர் ஒரு பூர்வகால எலும்புக்கூட்டைக் காட்சிக்கு வைத்தார். அது உண்மையில் மாஸ்டடான் என்ற வேறு விலங்கு. ஊர் அதை மாமத் என்றே கூப்பிட்டது. மாசசூசெட்ஸில் செஷயர் ஊர்க்காரர்கள் ஏறக்குறைய 560 கிலோவில் ஒரு பாலாடைக்கட்டி செய்து, 1802 புத்தாண்டு அன்று ஜனாதிபதி ஜெஃபர்சனுக்குக் கொடுத்தார்கள். எதிர்க்கட்சிக்காரர் வீட்டு மாட்டுப்பால் ஒரு சொட்டுகூடச் சேர்க்கவில்லையாம்! அதற்கும் பெயர் மாமத் சீஸ்.

கொலாசல் என்ற சொல்லுக்குப் பின்னால் கிரேக்கத்தின் ரோட்ஸ் தீவில் நின்று நிலநடுக்கத்தில் விழுந்த கொலோசஸ் என்ற பெரிய சிலை இருக்கிறது. டைட்டானிக், கிரேக்கக் கதையின் டைட்டன்கள் என்ற ராட்சதத் தெய்வங்களிடமிருந்து வந்தது. இங்கிலாந்தில் பெரிய லாரியை ஜக்கர்நாட் என்பார்கள். அது வேறு யாருமில்லை, தேரில் வரும் நம் பூரி ஜகந்நாதர்தான்.

சரி, இயைபு. இதற்கென்றே ஒரு பட்டியல் எழுதி வந்தேன், தயாரிப்பாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். வேகமாகச் சொல்கிறேன். ஜைகான்டிக்குக்கு அட்லான்டிக், ஃபிரான்டிக். டைட்டானிக்குக்கு பானிக், அதாவது பீதி. அந்தக் கப்பலுக்கு இது பொருந்தித்தான் போகிறது. கொலாசலுக்கு ஃபாசில், அதாவது புதைபடிவம், டைனோசரைப் பாடுகிறவர்களுக்கு வசதி. ஹ்யூஜ் பாவம், ஸ்டூஜ், ஸ்க்ரூஜ் என்று இரண்டு மூன்றோடு சரி. ஹ்யூமங்கஸ் என்ற அமெரிக்கக் கொச்சைக்கு, அமங் அஸ். என்ஆர்மஸுக்கு இன்ஃபார்ம் அஸ். மீதிப் பட்டியல் பையிலேயே இருக்கிறது, நேரமாகிவிட்டது. நன்றி, வணக்கம்.