கப்பலிலிருந்து எண்ணுகிறவர்கள்

அனைவருக்கும் வணக்கம்.

நம் வீடுகளில் தலைமுறையை எங்கிருந்து எண்ணத் தொடங்குகிறோம்? நம்மிடமிருந்துதான். அப்பா, தாத்தா, பூட்டன், ஓட்டன் என்று மேலே ஏறுவோம். பிள்ளை, பேரன், கொள்ளுப்பேரன் என்று கீழே இறங்குவோம். எண்ணுகிறவர்தான் நடுப்புள்ளி. கடல் கடந்து போன ஜப்பானியக் குடும்பங்களின் கணக்கு வேறு. அவர்கள் கப்பலிலிருந்து எண்ணுகிறார்கள். ஜப்பானை விட்டு வந்து இறங்கியவர் இஸ்ஸெய், அதாவது முதல் தலைமுறை. வந்த மண்ணில் பிறந்த பிள்ளை நிஸெய். பேரப்பிள்ளை சான்ஸெய். அதற்கும் அடுத்தது யோன்ஸெய். "நான் சான்ஸெய்" என்று ஒருவர் சொல்லும்போதே அவருடைய தாத்தா கப்பலேறிய கதையும் கூடவே வந்துவிடுகிறது.

ஹவாய், பிரேசில், பெரு, கனடா என்று இந்தக் கதைக்குப் பல கரைகள் உண்டு. பிரேசிலில் சாண்டோஸ் துறைமுகத்தில் 1908-ல் 'கசாட்டோ மாரு' கப்பலிலிருந்து 781 பேர் காப்பித் தோட்ட வேலைக்கு இறங்கினார்கள். 1990-ல் ஜப்பான் தன் குடியேற்றச் சட்டத்தைத் திருத்தி, அவர்களுடைய பேரப்பிள்ளைகள் வரைக்கும் திரும்பி வந்து வேலை பார்க்க வழிவிட்டது. 2009-ல் வேலை வறண்டதும், வேலையிழந்தவருக்கு 3 லட்சம் யென் தருகிறோம், ஊருக்குத் திரும்புங்கள் என்றது. அதை இன்னொரு நாள் பேசுவோம். இன்று அமெரிக்காவின் மேற்குக் கரையோடு நிறுத்திக்கொள்கிறேன். ஏனென்றால், அங்கேதான் தலைமுறைகள் கத்தியால் வெட்டினாற்போல் பிரிந்து நிற்கின்றன.

வெட்டியது சட்டம். 1924-ல் அமெரிக்கா ஜப்பானியர் குடியேற்றத்துக்குக் கதவை அடைத்துவிட்டது. அதற்கு முன் வந்தவர்கள்தான் இஸ்ஸெய். எனவே அவர்கள் ஏறத்தாழ ஒரே வயதுக்காரர்கள். அவர்களுடைய பிள்ளைகளும் அப்படியே. அதைவிட முக்கியமானது, 1952 வரை இஸ்ஸெய் அமெரிக்கக் குடியுரிமை கேட்கவே முடியாது. அங்கே பிறந்த பிள்ளைக்கோ பிறந்த நொடியிலேயே குடியுரிமை. குடியுரிமை பெறத் தகுதியில்லாதவர் நிலம் வாங்கக் கூடாது என்று கலிபோர்னியா 1913-ல் சட்டம் போட்டபோது, பல குடும்பங்கள் கைக்குழந்தையின் பெயரில் பத்திரம் எழுதின. உழுகிறவர் அப்பா, நிலத்துக்குச் சொந்தக்காரர் தொட்டிலில்! சிரிப்பு வருகிறது அல்லவா? ஆனால் ஒரே கூரையின் கீழே ஒருவர் அந்நியர், மற்றவர் குடிமகன் என்று ஆன பிறகு, அந்த வீட்டில் யார் பேச்சு செல்லும்?

அதற்கு விடை 1942-ல் வந்தது. 1941 டிசம்பரில் ஹவாயின் பேர்ல் ஹார்பர் கடற்படைத் தளத்தை ஜப்பான் தாக்கிய அடுத்த நாட்களிலேயே, பல குடும்பங்கள் வீட்டில் ஜப்பானிய எழுத்து இருந்தவற்றைத் தாங்களே எரித்தன. ஊரிலிருந்து வந்த கடிதங்கள், புத்தகங்கள், படங்கள் எல்லாம் நெருப்பில் போயின. சிலர் தோட்டத்தில் குழி தோண்டிப் புதைத்தார்கள். 1942 பிப்ரவரி 19-ல் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட 9066-ஆம் ஆணை, சுமார் 1,20,000 பேரைக் கையில் தூக்க முடிந்த சாமான்களோடு முள்வேலி முகாம்களுக்கு அனுப்பியது. அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள்.

முகாமில் நடந்த ஒரு சின்ன விஷயத்தைச் சொல்கிறேன். சாப்பாடு பொதுக்கூடத்தில். வரிசையில் நின்று தட்டை ஏந்த வேண்டும். கொஞ்ச நாளில் பிள்ளைகள் தங்கள் சிநேகிதர்களோடு உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினார்கள். அம்மா சமைக்கவில்லை, அப்பா சம்பாதிக்கவில்லை. பிள்ளையை 'இங்கே வந்து உட்கார்' என்று கூப்பிடுவதற்கான அதிகாரம் எங்கிருந்து வரும்? முள்வேலியைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கென்னவோ குடும்பத்தை முதலில் பிரித்தது அந்தச் சாப்பாட்டு மேசைதான் என்று தோன்றுகிறது.

போர் முடிந்து வெளியே வந்த நிஸெய், வாயைத் திறக்கவில்லை. பிள்ளைகளுக்கு ஜப்பானிய மொழியைக்கூடப் பலர் கற்றுக்கொடுக்கவில்லை. பெரியவர்கள் கூடும்போது "அவரைக் கேம்ப்பில் தெரியும்", "அது கேம்ப்புக்கு முன்னால்" என்று பேசிக்கொள்வார்கள். கேட்டுக்கொண்டிருந்த சான்ஸெய் குழந்தைகள் ஏதோ கோடை விடுமுறைக் கேம்ப் என்றே நினைத்தார்கள். துருவிக் கேட்டால் "ஷிகாட்டா கா நாய்" என்று பதில் வரும். நம் பேச்சில் சொன்னால், "என்ன பண்றது, வேற வழியில்லை." இன்னொரு சொல் "கமான்". பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்வது. ஜப்பானியரின் பொறுமை என்று மேடையில் புகழ்வதற்கு இது நன்றாக இருக்கும். நான் புகழத் தயாராக இல்லை. அந்தப் பொறுமையில் பாதி அவமானம். தப்பே செய்யாதவர்கள், தண்டனை கிடைத்ததாலேயே கூசிப்போன அவமானம்.

ஆனால், வாய் மூடியிருந்தாலும் அடுப்பு மூடியிருக்கவில்லை. வீனி ராயல் என்று ஒரு பண்டம் உண்டு. ஹாட் டாக்கை நறுக்கி, முட்டையோடு வதக்கி, சோயா சாஸ் விட்டுச் சோற்றின் மேல் போடுவது. முகாமில் கிடைத்த பொருள்களிலிருந்து பிறந்தது. எங்கிருந்து வந்தது என்றே தெரியாமல் பேரப்பிள்ளைகள் அதைக் காலையில் ருசித்துச் சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போனார்கள்.

1969 டிசம்பர். உறைபனிக் குளிர். சுமார் 150 பேர், பெரும்பாலும் இளைஞர்கள், கலிபோர்னியாவின் மான்சனார் முகாம் இருந்த இடத்துக்குப் போனார்கள். ஒரு காலத்தில் பத்தாயிரம் பேர் அடைபட்டிருந்த இடம் அது. அப்போது மிஞ்சியிருந்தவற்றில் ஒன்று இடுகாட்டின் வெள்ளைத் தூண். 'ஆன்மாக்களை ஆற்றும் கோபுரம்' என்று பொருள்படும் எழுத்துகள் அதில் உண்டு. இதுதான் முதல் யாத்திரை என்று அந்த இளைஞர்கள் நினைத்திருந்தார்கள். வந்திருந்தவர்களில் முதியவர்களான மதகுருமார் இருவர், ஒருவர் பௌத்தர், மற்றவர் கிறிஸ்தவர். இருவரும் இஸ்ஸெய். முகாம் மூடியதிலிருந்து வருஷந்தோறும் வந்து இறந்தவர்களுக்காகப் பிரார்த்தனை செய்துகொண்டிருக்கிறோம், எங்களுக்கு இது 25-ஆவது தடவை என்றார்கள் அவர்கள். தாத்தாக்கள் போன தடத்தைப் பேரர்கள் தாங்களே கண்டுபிடித்ததாக நினைத்திருக்கிறார்கள்! நடுவில் இருந்த தலைமுறையில் பெரும்பாலோர் மட்டும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

அவர்களும் 1981-ல் பேசினார்கள். அரசு அமைத்த விசாரணைக் குழு ஊர் ஊராக அமர்ந்தபோது, நாற்பதாண்டு மௌனத்தை மைக் முன்னால் உடைத்தார்கள். தன் அம்மாவின் கதையை மகள் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து முதன்முதலாகக் கேட்டாள். 1988-ல் அமெரிக்கா சட்டம் போட்டு மன்னிப்புக் கேட்டது, தலைக்கு 20,000 டாலர் தருவதாகச் சொன்னது. அந்தச் சட்டம் கையெழுத்தான நாளில் உயிரோடு இருந்தவர்களுக்கு மட்டும். நிலத்தை இழந்த இஸ்ஸெய் பலர் அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

லாஸ் ஏஞ்சலீஸில், லிட்டில் டோக்கியோவில், ஜப்பானிய அமெரிக்கர் அருங்காட்சியகம் இருக்கிறது. 1942-ல் மக்களைப் பஸ்ஸில் ஏற்றிய பழைய பௌத்தக் கோயிலின் வாசலை ஒட்டிய இடம். 2022-ல் அங்கே ஒரு பெரிய பதிவேட்டை வைத்தார்கள். மற்றச் சிறை முகாம்களில் இருந்தவர்களையும் சேர்த்து, அடைக்கப்பட்ட 1,25,284 பேரின் பெயர்களும் அதில் உண்டு. முகாம் குமாஸ்தாக்கள் தப்பும் தவறுமாக எழுதிய பெயர்களைக் குடும்பங்களிடம் கேட்டுத் திருத்திக்கொண்டே வந்தார்கள். வந்தவர்கள் தங்கள் பாட்டனின் பெயரைத் தேடி, அதன் கீழே சின்னதாக ஒரு நீலப் புள்ளி முத்திரை வைக்கலாம் என்றார்கள். பேரன், பேத்தி, அவர்களுடைய பிள்ளைகள் என்று குடும்பம் குடும்பமாக வந்து வைத்தார்கள். தேடி வர ஆளில்லாத பெயர்களுக்கு, வந்த மற்றவர்கள் வைத்தார்கள்.