அழுதேன்னு சொல்லாத மனுஷன்

எல்லாருக்கும் வணக்கம். வேலூர் வெயில்ல, ஞாயித்துக்கெழம மத்தியானம் பிரியாணிய முடிச்சிட்டு தூங்காம ஒரு நாவல் பத்திக் கேக்க வந்திருக்கீங்க, சீக்கிரமே முடிச்சிடறேன்.

நாவல், கசுவோ இஷிகுரோ எழுதின 'த ரிமெய்ன்ஸ் ஆஃப் த டே', 1989ல வந்தது, புக்கர் பரிசு வாங்குச்சு. ஸ்டீவன்ஸ்னு வயசான பட்லர், அதாவது பெரிய பங்களாவுல வேலைக்காரங்களுக்கெல்லாம் தலைவர், 1956ல மொதலாளி கார எடுத்துக்கினு சில நாள் ஊர் சுத்தப் போறாரு, வழி நெடுக பழசெல்லாம் சொல்லிக்கினே போறாரு, அவ்ளோதான் கதை. மொதல் தடவ பாதியில மூடி வெச்சிட்டேன், வெள்ளி சாமான் பாலிஷ் போடறதுக்கெல்லாம் இவ்ளோ பேச்சான்னு. அப்புறம்தான் உறைச்சது, வளவளன்னு இழுக்கற எடத்துலதான் ஆளு எதையோ தாண்டிப் போறாரு.

1923ல ஸ்டீவன்ஸ் வேல செய்ற பங்களாவுல பெரிய மாநாடு. மாடியில அவரோட அப்பா சாகக் கெடக்கறாரு, கீழ ஒரு பிரெஞ்சுக்காரர் கால் வலின்னு ரகள பண்றாரு, இவரு அந்தக் கால கவனிச்சிக்கினு சுத்தறாரு. நடுவுல, அப்ப இவரோட மொதலாளியா இருந்த லார்டு டார்லிங்டன் பாத்துட்டு, என்ன ஸ்டீவன்ஸ், அழற மாதிரி இருக்கியேன்னு கேக்கறாரு. இவரு சிரிச்சிட்டு கர்சீப்ல மூஞ்ச தொடச்சிக்கினு, நாளெல்லாம் வேலைங்க, அதான்றாரு. கதைய சொல்றதே இவருதான், ஆனா அழுதேன்னு ஒரு வார்த்த வரல பாருங்க, அடுத்தவர் கேட்ட கேள்வியிலதான் நமக்கே தெரியுது.

இன்னொரு எடம் இதவிட பெருசு. ஹவுஸ்கீப்பர் மிஸ் கென்டன் ரூம் கதவுக்கு வெளிய நிக்கறாரு, உள்ள அந்தம்மா அழறாங்களோன்னு தோணுது, தட்டலாமா வேணாமா. அவங்க சித்தி செத்த சேதி வந்த அன்னிக்கு இதுன்னு சொல்றாரு. கொஞ்ச பக்கம் தள்ளி, இல்ல நான் கொழப்பிக்கினேன் போல, அது வேற ராத்திரின்றாரு. எந்த ராத்திரி? வேற ஒருத்தர கட்டிக்க ஒத்துக்கிட்டேன்னு அந்தம்மா இவருகிட்ட வந்து சொன்ன ராத்திரி. இது மறதின்னு நீங்க நெனச்சா நெனச்சிக்கோங்க, நான் நம்பல.

எனக்கு இந்த ஆள ரொம்ப நாளா தெரியும், எங்க பெரிப்பா. ராணிப்பேட்ட பக்கம் ஒரு தோல் ஷாப்புல, அதாவது தோல் பதப்படுத்தற எடத்துல, மேஸ்திரி. சின்ன வயசுல எங்களுக்கு மொதலாளி பெருமதான் தெனம் கத. 1996ல தோல் கழிவு கேசுல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்துச்சில்ல, அதுக்கப்புறம் அதே மனுஷன், "நான் இன்னாடா, ஆள் கணக்கு பாத்தவன்"றாரு. ஸ்டீவன்சும் இப்படித்தான், நாஜிங்களுக்கு ஒத்து ஊதினாருன்னு டார்லிங்டன் பேரு கெட்டப்புறம், அவருகிட்ட வேல செஞ்சீங்களான்னு கேட்டா இல்லன்றாரு, சொல்லிட்டு அதுக்கு ஒரு பக்கம் வெளக்கம் வேற. ரெண்டு பேரையும் பொய்யன்னு சொல்ல எனக்கு மனசு வரல. பொய்யன் அவனே அவன நிறுத்தி நிறுத்தி கேள்வி கேக்க மாட்டான்.

தோல் ஷாப்பு தண்ணி எங்க நெலத்துக் கெணத்துலயும் எறங்குச்சு. பெரிப்பா கதையில அந்தக் கெணறு கிட்ட வந்தா பேச்சு நின்னுடும், "டீ போடச் சொல்லு"ம்பாரு. போன பொங்கலுக்கும் அதே எடத்துலதான் நின்னாரு. இந்த நாவல் படிக்கறதுக்கு முன்னாடின்னா, அப்புறம் இன்னா பெரிப்பான்னு விடாம கேட்டிருப்பேன். இப்ப எழுந்து போய் டீ போடச் சொல்லிட்டு வந்து பக்கத்துல உக்காந்தேன்.