ஊசி போடாமல் எடுத்த சிறுநீரக எம்ஆர்ஐ: என் படங்கள் வந்துவிட்டன!

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு வெண்பலகையும் இல்லை, வழக்கமான வண்ணப் பேனாக்களும் இல்லை. ஓர் ஆய்வுக்கூடத்தில் தன்னார்வலராகப் படுத்து எடுத்துக்கொண்ட என் சிறுநீரக எம்ஆர்ஐ படங்கள் நேற்றிரவு வந்துசேர்ந்தன. அவற்றைப் பற்றி மட்டுமே பேசப்போகிறேன். சிறுநீரக நலத்தை அறிய இரத்தத்தில் பார்க்கும் கிரியேட்டினின் என்ற ஒற்றை எண்ணின் மீது எனக்குள்ள கோபம் உங்களுக்குப் பழகிப்போன ஒன்று. "கிரியேட்டினின் நார்மல்தானே, பிறகு எதற்கு இதெல்லாம்?" என்று என் சித்தப்பா கேட்டதில் அந்தக் கோபம் மறுபடியும் கிளம்பிவிட்டது.

கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. ஆகவே தசை வற்றிய முதியவர் ஒருவருக்குச் சிறுநீரகம் தளர்ந்த பிறகும் அந்த எண் நல்லபடியாகவே இருக்கக்கூடும். வடிகட்டும் திறனில் ஏறக்குறையப் பாதி போன பிறகுதான் பலருக்கு அது எல்லையைத் தாண்டுகிறது. இடது சிறுநீரகம் எவ்வளவு உழைக்கிறது, வலது எவ்வளவு உழைக்கிறது என்பதை அது சொல்லவே சொல்லாது. அதைப் பிரித்தறியத்தான் சிறுநீரக தானம் கொடுக்க வருபவர்களுக்கு டிடிபிஏ ஸ்கேன் எடுக்கிறார்கள். அதற்கோ டெக்னீசியம் என்ற கதிரியக்கப் பொருளை உடலில் செலுத்தியாக வேண்டும்.

எம்ஆர்ஐ என்றதும், படம் தெளிவாகத் தெரிய ஊசியில் ஏற்றும் காடோலினியம் என்ற மருந்தை நினைத்துப் பலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் காரணமில்லாமல் வந்ததன்று. சிறுநீரகம் மிகவும் பழுதடைந்தவர்களுக்குத் தோல் இறுகி, மூட்டுகள் மடங்காமல் போகும் ஒரு கொடிய நோய்க்கும் சில காடோலினிய மருந்துகளுக்கும் தொடர்பு இருப்பது 2006இல் வெளிப்பட்டது. மறு ஆண்டே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ கடுமையான எச்சரிக்கையை அச்சிட வைத்தது. இப்போது பெரிதும் பயன்படும் வகைகளில் அந்த ஆபத்து மிகமிகக் குறைவு. எனக்கு எடுத்த ஸ்கேனிலோ அந்தப் பேச்சுக்கே இடமில்லை, ஏனென்றால் கையில் ஊசியே ஏற்றவில்லை.

என்னை முழுமையாகக் கவர்ந்தது ஏஎஸ்எல் (arterial spin labelling) என்ற, இரத்த ஓட்டத்தை அளக்கும் முறை. 1992இல் எலியின் மூளையில் முதலில் செய்து காட்டப்பட்டது. சிறுநீரகத்தை நோக்கி வரும் இரத்தத்திலுள்ள நீரின் காந்தத் திசையை ரேடியோ அலையால் தலைகீழாக்கி, அந்த இரத்தம் உள்ளே சென்று சேரும்வரை ஓரிரு நொடி காத்திருந்து ஒரு படம் எடுக்கிறார்கள். அப்படித் தலைகீழாக்காமல் இன்னொரு படம். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எடைபோட்டு, பிறகு தனியாக ஏறி நின்று கழித்துப் பார்ப்பது போன்ற கணக்குதான். கழித்து மிஞ்சுவது ஒரு சில விழுக்காடு மட்டுமே என்பதால், பல இணைப் படங்களை எடுத்துச் சராசரி காண்கிறார்கள். உடல் எடையில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத இந்த இரண்டு உறுப்புகளும் இதயம் இறைக்கும் இரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை வாங்கிக்கொள்வது இம்முறைக்குக் கிடைத்த வரம்.

இப்போது என் எரிச்சலுக்கு வருகிறேன். மூச்சு விடும்போது சிறுநீரகம் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் மேலும் கீழும் நகர்கிறது. நகர்ந்துவிட்ட இரண்டு படங்களைக் கழித்தால் மிஞ்சுவது இரத்த ஓட்டமன்று, வெறும் குழப்பம். இது தெரிந்தும், எந்திரத்தில் பதிவுசெய்து வைத்திருந்த குரல் "மூச்சை நன்றாக இழுத்துப் பிடியுங்கள்" என்றே சொல்லிக்கொண்டிருந்தது. ஆழமாக இழுக்கும்போது ஒவ்வொரு முறையும் உதரவிதானம் வெவ்வேறு இடத்தில் போய் நிற்கும். இயல்பாக மூச்சை விட்டு, அந்த முடிவில் நிறுத்தினால்தான் அது ஏறத்தாழ அதே இடத்துக்குத் திரும்புகிறது. பெட்டிக்குள்ளிருந்தே நான் இதை வாதாட, எந்திரத்தை இயக்கிய தம்பி பொறுமையாகக் குரல்பதிவை அணைத்துவிட்டு மைக்கில் தானே சொன்னார். அதன்பின் வயிற்றில் கட்டிய பெல்ட் காட்டிய மூச்சுக் கோட்டைப் பாருங்கள், நிறுத்திய இடத்திலெல்லாம் எவ்வளவு தட்டையாக இருக்கிறது! தட்டைக் கோட்டைப் பார்த்து இவ்வளவு பெருமைப்பட்ட முதல் மனிதன் நானாகத்தான் இருப்பேன். அதன் பலன் இந்தக் கழித்தல் படம்: வெளிப்புறக் கார்டெக்ஸ் மட்டும் பிறை வடிவில் பளிச்சென்று தெரிகிறது.

அடுத்தது, இரத்தத்தின் ஆக்சிஜன் நிலையைக் காட்டும் போல்ட் (BOLD) முறை. ஆக்சிஜனை இழந்த ஹீமோகுளோபின் தன்னைச் சுற்றியுள்ள காந்தப்புலத்தைக் குலைப்பதால், சமிக்ஞை அங்கே விரைவாகத் தேய்கிறது. அந்தத் தேய்வு வேகம்தான் அளவுகோல். சிறுநீரகத்தின் உட்பகுதியான மெடுல்லா இயல்பிலேயே ஆக்சிஜன் பஞ்சத்தில் வாழ்கிறது: கார்டெக்ஸில் ஆக்சிஜன் அழுத்தம் ஏறக்குறைய 50 மில்லிமீட்டர் பாதரசம் என்றால், இங்கே 10 முதல் 20 வரைதான். அந்தப் பஞ்சத்திலும் ஹென்லே வளைவு என்ற நுண்குழாய்ப் பகுதி உப்பை மீட்டெடுக்கும் கடும் வேலையைச் செய்கிறது. 1996இல் பாஸ்டனில் பிரசாத், எடல்மேன், எப்ஸ்டைன் மூவரும் நலமானவர்களுக்கு லேசிக்ஸ் எனப்படும் ஃபுரோசமைடு என்ற சிறுநீர்பெருக்கி மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். அந்த மருந்து உப்பு மீட்பை நிறுத்தியதும், மெடுல்லாவில் ஆக்சிஜன் கூடியது படத்திலேயே தெரிந்தது. உறுப்பின் உருவத்தைக் காட்டிய எந்திரம் அதன் உழைப்பையும் காட்டிய இந்த ஆய்வு எனக்கு எப்போதுமே சலிப்பதில்லை.

ஒன்றைச் சொல்லாமல் தாண்டிவிட்டேன்: ஸ்கேனுக்கு முன் எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்பதற்கும் கட்டுப்பாடு இருந்தது, ஏனென்றால் போல்ட் அளவு நீரால் மாறிவிடும். இரத்தத்தின் அளவும் சிவப்பணு விகிதமும்கூட அதை மாற்றும். ஆகவே அந்த எண்ணை நேரடியான ஆக்சிஜன் அளவாக வாசிப்பவர்களை நான் நம்புவதில்லை. ஆனாலும் 2018இல் சுவிட்சர்லாந்தின் லோசான் ஆய்வாளர்கள், நாள்பட்ட சிறுநீரக நோயாளிகளில் கார்டெக்ஸின் ஆக்சிஜன் குறைவாகத் தெரிந்தவர்களுக்குச் சிறுநீரகச் செயல்பாடு விரைவாகச் சரிந்ததைக் காட்டினார்கள்.

இவையெல்லாம் இன்னும் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்துக்குள்தான் இருக்கின்றன. எந்திரத்துக்கு எந்திரம் எண்கள் வேறுபடுவதைச் சரிசெய்ய ஐரோப்பாவில் பாரன்கிமா என்ற கூட்டுமுயற்சியே நடந்தது. மருத்துவமனைக்கு உண்மையாகவே வந்துவிட்டது இரண்டு சிறுநீரகங்களின் மொத்தக் கனஅளவு ஒன்றுதான். பரம்பரையாக வரும் பல்நீர்க்கட்டிச் சிறுநீரக நோயில், ஒவ்வொரு சிறுநீரகத்துக்கும் நீளம், அகலம், ஆழம் மூன்றையும் பெருக்கி, π என்ற எண்ணின் ஆறில் ஒரு பங்கால் மீண்டும் பெருக்கி, இரண்டையும் கூட்டி, நோயாளியின் உயரத்தால் வகுத்து, வயதோடு ஒப்பிட்டால், 2015இல் வந்த மேயோ வகைப்பாட்டின்படி நோய் எவ்வளவு வேகமாகப் போகும் என்று கணிக்கலாம். ஆனால் எனக்கு நீங்கள் அனுப்பிய அறிக்கைகள் பலவற்றில் நீளம் மட்டுமே இருக்கிறது, அதை மட்டும் வைத்துக்கொண்டு இந்தக் கணக்கைப் போட முடியாது. அகலத்தையும் ஆழத்தையும் அளந்து எழுதித் தரும்படி ஸ்கேன் எடுத்தவர்களிடம் கேளுங்கள். படங்கள் அவர்களிடமே இருப்பதால் மறுபடி ஸ்கேன் எடுக்க வேண்டியதில்லை.