தில்லி வீட்டு ஜன்னல்களுக்கு எந்தத் திரை? திசை பார்த்துத் தேர்ந்தெடுக்கும் முறை

[காட்சி: மே மாதப் பிற்பகல். மேற்கு நோக்கிய ஹால். ஜன்னலில் தடித்த மெரூன் நிற வெல்வெட் திரை.]

வணக்கம். மயூர் விஹாரில் நாங்கள் முதன்முதலாகக் குடியேறிய வாடகை வீட்டின் ஹால் மேற்கைப் பார்த்தது. தடித்த துணியாகப் போட்டால் வெயில் உள்ளே வராது என்று நம்பி, லாஜ்பத் நகர் மார்க்கெட்டில் நல்ல கனமான வெல்வெட்டாகத் தேடி வாங்கி, ஜன்னல் முழுவதும் மூடும்படி தைத்து மாட்டினோம். மே மாதத்தில் ஒரு நாள் மாலை 4 மணிக்கு அந்தத் துணியின் மேல் கை வைத்துப் பார்த்தேன். அப்போதுதான் இஸ்திரி போட்டு எடுத்த சட்டையைத் தொட்டதுபோல் சுட்டது. வெளிச்சம் நின்றிருந்தது, ஆனால் வெப்பம் நிற்கவில்லை. அன்று எனக்குப் புரிந்ததைத்தான் இந்த வீடியோவில் ஒவ்வொரு அறையாக விளக்கப்போகிறேன்: திரையின் நிறத்தையும் துணியையும் முடிவு செய்வதற்கு முன், அந்த ஜன்னல் எந்தத் திசையைப் பார்க்கிறது, எந்த மாதத்தில் எந்த நேரத்தில் அதன் மீது வெயில் விழுகிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

ஜன்னலுக்குப் பழந்தமிழில் காலதர் என்று ஒரு பெயர் உண்டு. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. காற்று வரும் வழியை நாம் மறைக்கிறோம் என்ற நினைவோடு மறைத்தால், எதைப் போடலாம், எதைப் போடக் கூடாது என்பது பெரும்பாலும் தானாகவே தெளிவாகிவிடும்.

திரை எப்படித் திறக்கிறது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் நாடக மேடைக்கு மூன்று வகைத் திரைகள் சொல்லப்படுகின்றன. ஒரு பக்கமாக இழுக்கப்படுவது ஒருமுக எழினி. இரு பக்கங்களிலிருந்தும் வந்து நடுவில் சேர்வது பொருமுக எழினி. மேலே மறைந்திருந்து கீழே இறங்குவது கரந்துவரல் எழினி. இன்று கடையில் நமக்குக் காட்டப்படும் ஒற்றைத் திரை, ஜோடித் திரை, ரோலர் பிளைண்ட் ஆகிய மூன்றும் இவைதான். பக்கவாட்டில் அலமாரியோ கட்டிலோ இருந்து துணி ஒதுங்க இடமில்லாத ஜன்னலுக்கு மேலிருந்து இறங்கும் வகையும், ஒரு பக்கம் மட்டும் சுவர் உள்ள ஜன்னலுக்கு ஒற்றைத் திரையும், இரு புறமும் சுவர் தாராளமாக உள்ள ஜன்னலுக்கு ஜோடியும் பொருந்தும்.

[காட்சி: ஜன்னல் கண்ணாடி, உள்ளே திரை. சூரியக் கதிர் கண்ணாடியைக் கடந்து துணியில் படும் வரைபடம்.]

இப்போது அந்த மேற்கு ஹாலுக்குத் திரும்புவோம். சாதாரணக் கண்ணாடி சூரிய ஒளியைப் பெருமளவு உள்ளே விட்டுவிடும். உள்ளே வந்த ஒளி அடர்நிறத் துணியில் பட்டு வெப்பமாக மாறுகிறது. அந்த வெப்பம் திரும்பி வெளியே போக வழியில்லாமல் அறைக்குள்ளேயே பரவுகிறது. ஆகவே, மேற்கு ஜன்னலின் உள்பக்கத்தில் தொங்கும் அடர்நிறத் திரை ஒரு சூடான சுவரைப் போலவே வேலை செய்கிறது. ஜன்னலுக்கு மேலுள்ள சன்ஷேடும் இங்கே உதவாது, ஏனென்றால் மாலைச் சூரியன் தாழ்ந்து வந்து அதற்குக் கீழாகவே நுழைந்துவிடும்.

வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே நிறுத்துவதுதான் இதற்குத் தீர்வு. தில்லியில் இதற்கென்றே காலங்காலமாக இருப்பது சிக் எனப்படும் மூங்கில் தட்டி. மூங்கிலை மெல்லிய குச்சிகளாகச் சீவி, நூலால் கோத்து, பின்புறம் துணி வைத்துத் தைத்து, கயிற்றால் சுருட்டி ஏற்றும்படி செய்திருப்பார்கள். பால்கனியின் வெளி விளிம்பில் இதைத் தொங்கவிட்டால் சூடாவது மூங்கில் மட்டுமே. அந்தச் சூட்டை வெளிக்காற்றே கொண்டுபோய்விடும். அளவு கொடுக்கும்போது பால்கனித் திறப்பைவிட இரு பக்கமும் 3 அங்குலம் கூடுதலாகக் கொடுங்கள், இல்லையென்றால் ஓரத்து இடைவெளி வழியாக ஒரு வெயில் பட்டை பிற்பகல் முழுவதும் உங்கள் சோபாவின் மீது நகர்ந்துகொண்டே இருக்கும். கீழ்ப்பகுதியை இரண்டு இடங்களில் கம்பியோடு கட்டிவிடுவதும் அவசியம். மே மாதப் புழுதிக்காற்று எச்சரிக்கை கொடுத்துவிட்டு வருவதில்லை.

இதே இடத்தில் வெட்டிவேர்த் தட்டியையும் கட்டலாம். வடக்கே கஸ் என்று சொல்லப்படும் அந்த வேர் நம் ஊர் வெட்டிவேர்தான். ஆங்கிலமும் பிரெஞ்சும்கூடத் தமிழ்ப் பெயரையே எடுத்துக்கொண்டன. தட்டியின் மேல் தண்ணீர் தெளித்தால், வறண்ட காற்று அதன் வழியாக நுழையும்போது நீர் ஆவியாகி, காற்று குளிர்ந்து, வாசனையோடு உள்ளே வரும். மே, ஜூன் மாதங்களின் வறண்ட அனலில் இதன் பயன் அருமையாகத் தெரியும். ஜூலையில் மழை தொடங்கிக் காற்றில் ஈரம் ஏறிவிட்டால் நீர் ஆவியாகாது, குளிர்ச்சியும் கிடைக்காது. அப்போது தட்டியைக் கழற்றி, பூஞ்சை பிடிக்காதபடி நன்றாக உலர்த்திச் சுருட்டி வைத்துவிட வேண்டும்.

வெளியே எதையும் கட்ட வீட்டுக்காரரோ குடியிருப்புச் சங்கமோ அனுமதிக்கவில்லை என்றால், உள்ளே போடும் திரையின் கண்ணாடிப் பக்கத்துக்கு வெள்ளை லைனிங் கொடுங்கள். வெள்ளை நிறம் ஒளியின் ஒரு பகுதியை வெப்பமாக மாறும் முன்பே கண்ணாடி வழியாகத் திருப்பி அனுப்பும். சிக் அளவுக்கு இது வேலை செய்யாது. ஆனால் நான் மாட்டிய வெல்வெட்டைவிட எவ்வளவோ மேல்.

ஏர் கூலர் வைத்திருப்பவர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. கூலர் உள்ளே தள்ளும் காற்று வெளியேற மற்றொரு ஜன்னல் திறந்திருக்க வேண்டும். அந்த ஜன்னலில் கனமான திரையை இழுத்து மூடிவிட்டால் ஈரக்காற்று உள்ளேயே தேங்கி, படுக்கை விரிப்புகூடப் பிசுபிசுக்கும். அங்கே மெல்லிய மல் துணியே போதும்.

[காட்சி: தெற்கு நோக்கிய அறை. ஒரே ஜன்னல், ஜூன் மதியம், டிசம்பர் மதியம்.]

தெற்கு ஜன்னல் நம் நண்பன், ஆனால் நம்மில் பலர் அதை ஆண்டு முழுவதும் மூடி வைக்கிறோம். தில்லி ஏறத்தாழ 28.6 டிகிரி வட அட்சரேகையில் இருப்பதால், ஜூன் 21 நண்பகலில் சூரியன் சுமார் 85 டிகிரி உயரத்தில், கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு நேராக நிற்கிறது. ஒன்றரை அடி சன்ஷேடு ஜன்னல் முழுவதற்கும் நிழல் தந்துவிடும். டிசம்பர் 21 நண்பகலில் அதே சூரியன் சுமார் 38 டிகிரி உயரத்தில்தான் இருக்கும். அப்போது அதே சன்ஷேடின் நிழல் அதற்குக் கீழே 14 அங்குலம் வரைதான் இறங்கும். மீதி ஜன்னல் முழுவதும் வெயில் உள்ளே வந்து தரையில் விரியும்.

ஆகவே தெற்கு அறைக்கு நான் சொல்வது குளிர்காலத் திரை. காலை 10 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை முழுவதும் ஒதுக்கிவிட்டு, பொழுது சாய்வதற்கு முன் முழுவதும் மூடிவிட வேண்டும். பகலில் சேர்ந்த சூட்டை இரவில் காக்க கனமான துணி தேவை. இதற்கு எங்கள் வீட்டில் பவானி ஜமக்காளத்தைத்தான் மாட்டியிருக்கிறோம். விரிப்பாகவே பார்த்துப் பழகிய அந்தப் பட்டைக் கோடுகள் ஜன்னலில் நிமிர்ந்து நிற்கும்போது அறைக்கு ஒரு தனிக் கம்பீரம் வந்துவிடுகிறது. ஜமக்காளம் கனமானது என்பதால் ராடுக்கு நடுவிலும் ஒரு பிராக்கெட் கொடுத்தாக வேண்டும். ராடுக்கும் சுவருக்கும் இடையிலுள்ள திறந்த வாயைப் பெல்மெட் பலகையால் மூடிவிடுங்கள். இல்லையென்றால் அறையின் சூடான காற்று மேல்வழியாகத் திரைக்குப் பின்னால் போய், குளிர்ந்த கண்ணாடியில் பட்டு, கீழ்வழியாகக் குளிர்காற்றாக உங்கள் காலடிக்கு வரும்.

[காட்சி: கிழக்கு நோக்கிய படுக்கையறை. தரையில் விரித்த கண்டாங்கிச் சேலை, டேப், கத்தரிக்கோல்.]

இனி படுக்கையறை. ஜூன் மாதத்தில் இங்கே காலை ஐந்தரைக்கு முன்பே சூரியன் உதித்துவிடுவதால், கிழக்கு ஜன்னலுக்கு ஒளியைத் தடுக்கும் லைனிங் தேவைப்படுகிறது. துணிக்கு மட்டும் கடைக்குப் போக வேண்டிய அவசியமில்லை.

எங்கள் மாடியில் குடியிருக்கும் மாமியிடம், காரைக்குடியிலிருந்து வாங்கி வந்த அரக்குக் கட்டம் போட்ட கண்டாங்கிச் சேலை ஒன்று இருந்தது. கொசுவம் விழும் இடத்தில் இழை நைந்துவிட்டதால் உடுத்த முடியவில்லை, தூக்கிப் போடவும் மனம் வரவில்லை. "வெட்டிடலாமா மாமி?" என்று கேட்டபோது, சிறிது நேரம் முந்தானையைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, "பெட்டிக்குள்ள கிடந்து என்ன பண்றது, கண் முன்னாடி தொங்கட்டும்" என்றார்.

மாமியின் படுக்கையறை ஜன்னலுக்கான கணக்கைக் கவனியுங்கள். சேலையின் நீளம் ஐந்தரை மீட்டர், அதாவது சுமார் 216 அங்குலம். அதை 72 அங்குலமாக மூன்று துண்டுகளாக வெட்டினோம். ராடு நுழையும் மேல்மடிப்புக்கு 4 அங்குலம், கீழ்மடிப்புக்கு 4 அங்குலம் போக, திரையின் உயரம் 64 அங்குலம். ஜன்னலின் உயரம் 54 அங்குலம். மேலே 4, கீழே 6 எனத் திரை இறங்கி நிற்கிறது. சேலையின் இரு கரைகளும் திரையின் இரு ஓரங்களில் செங்குத்தாக வந்துவிடுவதால் பக்கவாட்டில் தையலே தேவையில்லை. நைந்த இடம் இரண்டாம் துண்டின் கீழ்மடிப்புக்குள் போகும்படி மாமியே பார்த்து மடித்தார்.

இந்த ஜன்னலுக்கு எடுத்த இரண்டு துண்டுகளும் சேர்ந்து அகலம் 90 அங்குலம். ராடின் நீளம் 60 அங்குலம், அதாவது 48 அங்குல ஜன்னலுக்கு இரு பக்கமும் 6 அங்குலம் கூடுதல். திரையை ஒதுக்கும்போது துணி சுவரின் மேல் நிற்கும், வெளிச்சத்தைத் தின்னாது. ராடைப் போல இரண்டு மடங்கு துணி வேண்டும் என்று தையற்காரர்கள் சொல்வது வெற்றுத் துணிக்குச் சரி. கட்டம் போட்ட துணிக்கு ஒன்றரை மடங்கே அழகு. அதற்கு மேல் போனால் சுருக்கங்களுக்குள் கட்டங்கள் மறைந்துவிடும். தைப்பதற்கு முன் லைனிங் துணியை ஒருமுறை தண்ணீரில் நனைத்து உலர்த்திவிடுங்கள். பல முறை துவைத்த சேலை இனிச் சுருங்காது, புதுப் பருத்தி லைனிங் சுருங்கும், அப்போது திரை முழுவதும் இழுத்துக்கொள்ளும்.

இந்தக் கனமான திரைக்குப் பின்னால் இரண்டாவது ராடில் ஒரு மெல்லிய வெள்ளைத் துணியும் மாட்டலாம். பகலில் வெளியிலிருப்பவர்களுக்கு உள்ளே தெரியாமல் அது காக்கும். இரவில் விளக்கைப் போட்டவுடன் நிலைமை தலைகீழாகிவிடும் என்பதை நினைவில் வையுங்கள்: வெளிச்சம் எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம்தான் மறுபக்கத்துக்குத் தெரியும்.

குழந்தைகள் அறைக்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன், அதைத் தயவுசெய்து கவனமாகக் கேளுங்கள். வளையமாகத் தொங்கும் கயிறு உள்ள பிளைண்ட் அங்கே வேண்டாம். கயிறு கழுத்தில் சுற்றிக்கொண்டு சிறு குழந்தைகள் உயிரிழந்த விபத்துகள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. ஏற்கெனவே மாட்டியிருந்தால், கயிற்றைக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் இறுக்கிச் சுற்றிவைக்கும்படி இன்றே ஒரு கொக்கி அடியுங்கள், கட்டிலையும் ஜன்னலடியிலிருந்து நகர்த்திவிடுங்கள்.

[காட்சி: குளியலறையின் சிறு ஜன்னல். கண்ணாடியில் தண்ணீர் தெளிக்கும் கை.]

குளியலறைக்குத் துணி ஒத்துவராது. பனி படர்ந்ததுபோல் தோன்றும் ஒட்டுத்தாள் போதும். கண்ணாடியைத் துடைத்து, ஒரு சொட்டு சோப்பு கலந்த தண்ணீரைத் தாராளமாகத் தெளித்து, அதன் மேல் தாளை வைத்தால் அது வழுக்கி நகரும். சரியான இடத்துக்கு வந்தவுடன் பழைய பிளாஸ்டிக் அட்டை ஒன்றால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தண்ணீரைத் தள்ளிவிடுங்கள். இது பகலிலும் இரவிலும் மறைக்கும். கண்ணாடிபோல் மின்னும் ஒருவழித் தாள் அப்படியல்ல. இரவில் உள்ளே விளக்கு எரியும்போது வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும்.

[காட்சி: சமையலறை. பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேல் ஜன்னல்.]

கடைசியாகச் சமையலறை. அடுப்பு ஜன்னலுக்குக் கீழேயோ பக்கத்திலோ இருந்தால் துணியே கூடாது. அலுமினியப் பட்டை பிளைண்ட் போட்டு, தாளிப்பின் எண்ணெய்ப் பிசுக்கை வாரம் ஒருமுறை துடைத்துவிட வேண்டும். மாமியின் வீட்டில் அடுப்பு எதிர்ச்சுவரில் இருக்கிறது, தொட்டிக்கு மேல்தான் ஜன்னல். நம் ஊர்ப் பழைய வீடுகளில் ஜன்னலுக்கு மேல்கதவு, கீழ்கதவு என்று தனித்தனியாக இருக்கும். கீழ்கதவைச் சாத்தினால் தெருவில் போகிறவர்களுக்கு உள்ளே தெரியாது, மேல்கதவு வழியாக வெளிச்சமும் காற்றும் வந்துகொண்டிருக்கும். அதே முறையில் இங்கே கீழ்ப்பாதிக்கு மட்டும் திரை போட்டோம்.

சேலையின் மூன்றாவது துண்டு இதற்குத்தான் வந்தது. முந்தானைப் பக்கம் 24 அங்குலம் வெட்டி, மேலும் கீழும் மடித்துத் தைத்தால் 20 அங்குல உயரத் திரை; முந்தானைக் கோடுகள் கீழ் ஓரத்தில் படுக்கையாக ஓடுகின்றன. 36 அங்குல ஜன்னலுக்குச் சேலையின் முழு அகலமும் சரியாகப் போதுமானதாக இருந்தது. சமையலறைச் சுவரில் துளை போடக் கூடாது என்பது வீட்டுக்காரரின் நிபந்தனை என்பதால், இரு பக்கச் சுவரையும் அழுத்தி நிற்கும் ஸ்பிரிங் ராடில் மாட்டினோம். மீந்த 48 அங்குலத் துண்டை மாமி பூஜை அலமாரிக்குத் திரையாகத் தானே கையால் தைத்துக்கொண்டார்.

[காட்சி: முந்தானைத் திரைக்கு மேலே, திறந்த பாதியில், கறிவேப்பிலைச் செடியின் தொட்டி. காற்றில் திரை அசைகிறது.]