வெந்நீரா, சூப்பா?

வணக்கம், நேயர்களே.

ஜப்பானில் பொதுக் குளியல் கூடத்தின் வாசலில் துணித்திரை தொங்கும். பெண்கள் பக்கத் திரையில் பெரும்பாலும் இரண்டு எழுத்துகள் இருக்கும். முதல் எழுத்து ‘பெண்’. இரண்டாவதை ஜப்பானியர் ‘யு’ என்று வாசிப்பார்கள். சீனாவிலிருந்து முதல்முறை வருகிறவர் அதைப் பார்த்துத் திகைத்துப்போவார். ஏனென்றால் அவர் ஊரில் அந்த எழுத்து ‘தாங்’, அதாவது சூப். அவர் கண்ணுக்கு அங்கே எழுதியிருப்பது ‘பெண் சூப்’!

வானொலியில் எழுத்தைக் காட்ட வழியில்லை, சொல்லிப் பார்க்கிறேன். இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக மூன்று சொட்டு. தண்ணீர் சம்பந்தப்பட்ட சொல் என்பதற்கு அதுவே அடையாளம். வலப்பக்கத்தில் ஒரு சூரியன், அதன் கீழே கதிர்கள் மாதிரி சில கோடுகள். தண்ணீர் மேல் வெயில் பட்டால் வெந்நீர்தானே என்று சொல்லிவிடலாம். கேட்கவும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கி.பி. 100 வாக்கில் தன் அகராதியை முடித்த சீன அறிஞர் ஷூ ஷென் அப்படிச் சொல்லவில்லை. பொருள் ‘சூடான நீர்’, வலப்பக்கம் ஒலிக்காக மட்டும் என்று எழுதிவைத்தார். வலப்பக்கத்து அதே உறுப்பு ‘குடல்’ என்ற எழுத்திலும் இருக்கிறது. அங்கே வெயிலுக்கு என்ன வேலை?

ஆக, ஆதியில் இது வெந்நீர். “குளிர்காலத்தில் தாங் குடிக்கிறோம், கோடையில் தண்ணீர் குடிக்கிறோம்” என்று பழைய சீனத் தத்துவ அறிஞர் மென்சியஸின் பெயரில் உள்ள நூலில் ஒரு வரி வருகிறது. தீமையைக் கண்டால் கொதிநீரில் கைவிட்டவனைப் போல விலக வேண்டும் என்று கன்பூசியஸின் உரையாடல்களில் வருவதும் இதே எழுத்துதான். பிற்பாடு சீனாவில் அது மெல்ல மெல்லச் சட்டிக்குள் இறங்கிச் சூப்பாகிவிட்டது. இன்று அங்கே வெந்நீர் வேண்டுமென்றால் ‘சூடு’, ‘நீர்’ என்று இரண்டு எழுத்து எழுத வேண்டும். ஊர்ப் பெயர்களில் மட்டும் பழைய பொருள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நான்ஜிங் பக்கத்தில் இருக்கும் தாங்ஷான் ‘சூப் மலை’ அல்ல, வெந்நீர் ஊற்று மலை.

ஜப்பானியர் பழைய பொருளை விடவில்லை. அவர்களுக்குக் குளிர்ந்த நீர் ‘மிசு’, சூடான நீர் ‘யு’. இரண்டும் வேறு வேறு சொற்கள். நமக்கும் தண்ணீர், வெந்நீர் என்று தனித்தனியாக உண்டு. ‘தண்’ என்றாலே குளிர்ச்சி.

படுக்கையில் காலடியில் வைத்துக்கொள்ளும் வெந்நீர்க் குப்பிக்குச் சீனாவில் ‘வெந்நீர்க் கிழவி’ என்று ஒரு பெயர் உண்டு. ஜப்பானுக்குப் போனபோது அந்தப் பெயர் ‘தான்போ’ ஆயிற்று. அதில் ஏற்கெனவே வெந்நீர் இருப்பது மறந்துபோய், முன்னால் இன்னொரு ‘யு’ சேர்த்து ‘யுதான்போ’ என்றார்கள். எழுதினால் அதே எழுத்து அடுத்தடுத்து இரண்டு முறை வரும்: வெந்நீர் வெந்நீர்க் கிழவி! நாம் ‘நடுசென்டர்’ என்பதில்லையா, அந்த மாதிரிதான்.

மருந்துக்கடையில் இந்த எழுத்து கஷாயம் ஆகிறது. சளிக்கு ஜப்பானியர் சாப்பிடும் ‘கக்கோன்தோ’ பழைய சீன வைத்திய நூலிலிருந்து வந்தது. கடைசியில் வரும் ‘தோ’ இதே எழுத்து. எல்லா நோய்க்கும் கக்கோன்தோவே கொடுக்கும் வைத்தியரைப் பற்றி அங்கே ஒரு நகைச்சுவைக் கதை உண்டு. தலைவலியா, கக்கோன்தோ. வயிற்றுவலியா, கக்கோன்தோ. நீங்கள் யார், துணைக்கு வந்தவரா? சும்மா உட்கார்ந்திருந்தால் அலுப்பாக இருக்குமே, நீங்களும் ஒரு கக்கோன்தோ குடியுங்கள். இப்போது அந்த மருந்து பெரும்பாலும் பொட்டலத்தில் பொடியாகவே வருகிறது. வியட்நாமில் ‘தாங்’ என்றால் ஒரு வேளைக் கஷாயத்துக்கு அளந்து கட்டிய காய்ந்த மூலிகைப் பொட்டலம். சூடும் போயிற்று, தண்ணீரும் போயிற்று.

கொரியாவுக்கு வருவோம். அங்கே இரண்டு பொருளும் ஒன்றாகக் குடியிருக்கின்றன. முழுக் கோழிக்குஞ்சுக்குள் அரிசியும் ஜின்செங் என்ற மூலிகை வேரும் வைத்து வேகவைப்பது ‘சம்கியேதாங்’. அது சூப். குளியல் கூடம் ‘மோக்யோக்தாங்’. கொரியர்கள் இப்போது அன்றாடம் சீன எழுத்து எழுதுவதில்லை. தங்கள் சொந்த எழுத்தில் ‘தாங்’ என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். அதனால் சூப்பா வெந்நீரா என்ற குழப்பம் யாருக்கும் வருவதில்லை.

அந்தக் குளியல் கூடத்துக்குள் தொட்டிகள் பல. வெதுவெதுப்பான தொட்டி ‘ஒன்தாங்’. அப்புறம், உடம்பு நன்றாகச் சூடேறியதும் இறங்க ஒரு சில்லென்ற தொட்டி. அதற்குப் பெயர் ‘நேங்தாங்’. எழுத்துக்கு எழுத்து பிரித்தால் ‘குளிர்ந்த வெந்நீர்’.

சிரிக்கலாம்தான். ஆனால் காலையில் எழுந்ததும் “சுடுதண்ணி போட்டாச்சா?” என்று கேட்கிற நாம் சிரிக்க முடியுமா?