ஜோர்டான் ஆற்று நீர் யாருடையது? அரபு–இஸ்ரேல் மோதலில் தண்ணீரின் இடம்

[காட்சி: பனி மூடிய ஹெர்மோன் மலை, அங்கிருந்து தெற்கே சாக்கடல் வரை மெதுவாக நகரும் வரைபடம்]

வணக்கம். லெபனானும் சிரியாவும் சந்திக்கும் எல்லையில் நிற்கும் ஹெர்மோன் மலையில் குளிர்காலத்தில் விழும் பனியும் மழையும் சுண்ணாம்புப் பாறைகளுக்குள் இறங்கி, அடிவாரத்தில் மூன்று ஆறுகளின் ஊற்றுகளாக வெளிப்படுகின்றன. ஹஸ்பானி லெபனானில் பிறக்கிறது. பானியாஸ், 1967 வரை சிரியாவின் வசமிருந்த கோலான் குன்றுகளின் ஓரத்தில் பிறக்கிறது. மூன்றிலும் பெரிதான டான், இஸ்ரேலுக்குள் பிறக்கிறது. இவை ஹூலா பள்ளத்தாக்கில் கூடி ஜோர்டான் ஆறாகின்றன. அந்த ஆறு, கலிலேயக் கடல் என்று பெயர் பெற்ற நன்னீர் ஏரியை நிரப்பிவிட்டு, ஏரிக்குச் சற்றுத் தெற்கே யார்மூக் ஆற்றையும் சேர்த்துக்கொண்டு, கடல் மட்டத்துக்குக் கீழே 400 மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் கிடக்கும் சாக்கடலில் கலக்கிறது.

இது பெரிய ஆறு அன்று. மனிதர் பெருமளவில் நீரைத் திருப்பத் தொடங்குவதற்கு முன்பு, ஆண்டுக்குச் சுமார் 130 கோடி கன மீட்டர், அதாவது ஏறத்தாழ 46 டிஎம்சி தண்ணீர், சாக்கடலைச் சென்றடைந்தது. இன்று அதில் பத்தில் ஒரு பங்குகூடச் சேர்வதில்லை. சாக்கடலின் மட்டம் ஆண்டுக்குச் சுமார் ஒரு மீட்டர் இறங்கிக்கொண்டிருக்கிறது. இந்தச் சிறிய ஆற்றின் மீது லெபனான், சிரியா, இஸ்ரேல், ஜோர்டான், பாலஸ்தீனர் என ஐந்து தரப்பினருக்கு உரிமைக் கோரிக்கை இருக்கிறது.

இங்கே நடந்த போர்கள் அனைத்தும் தண்ணீருக்காகவே நடந்தவை என்று சிலர் சொல்வார்கள். அதை நான் ஏற்கவில்லை. நிலம், அகதிகள், ஜெருசலேம், பாதுகாப்பு அச்சம் ஆகியவை இந்த மோதலின் மையத்தில் இருப்பவை. ஆனால், எந்த நிலத்தில் யார் பயிர் செய்ய முடியும், எந்த ஊர் வளர முடியும், எது வாடும் என்பதைத் தண்ணீர் மீதான அதிகாரமே பல இடங்களில் தீர்மானித்தது. இந்தப் பகுதியின் தண்ணீர்த் தட்டுப்பாட்டில் மழையின் பங்கு பாதி என்றால், மீதிப் பாதி ஆட்சியதிகாரத்தின் பங்கு. அந்த இரண்டாவது பாதியைத்தான் இந்த வீடியோவில் பின்தொடரப் போகிறோம்.

[காட்சி: 1923 எல்லைக்கோடு, ஏரியின் வடகிழக்குக் கரை பெரிதாக்கிக் காட்டப்படுகிறது]

எல்லைகள் வரையப்படுவதற்கு முன்பே தண்ணீர் பேச்சுக்கு வந்துவிட்டது. 1919ஆம் ஆண்டு பாரிஸ் அமைதி மாநாட்டில், பாலஸ்தீனத்தில் யூதர்களுக்குத் தாயகம் கோரிய சியோனிச அமைப்பு முன்வைத்த எல்லைக் கோரிக்கையில் ஹெர்மோன் மலையின் நீரூற்றுகளும் லித்தானி ஆற்றின் தென்பகுதியும் அடங்கியிருந்தன. லித்தானி அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அது முழுவதும் லெபனானுக்குள்ளேயே நின்றது. ஆனால் பிரிட்டனும் பிரான்சும் 1923இல் உறுதிசெய்த எல்லை, கலிலேயக் கடல் முழுவதையும் பிரிட்டிஷ் ஆட்சியின் கீழிருந்த பாலஸ்தீனத்துக்குள் வைத்ததோடு, அதன் வடகிழக்குக் கரையோரமாகப் 10 மீட்டர் அகலமுள்ள ஒரு பட்டையையும் அதனுடன் சேர்த்தது. ஏரியைத் தொடும் தூரத்தில் சிரியா இருக்க வேண்டும், ஆனால் ஏரி அதற்கு உரியதாக இருக்கக் கூடாது என்பதே அந்தக் கோட்டின் பொருள். அந்தப் பத்து மீட்டர் பின்னாளில் எவ்வளவு கனத்தது என்பதைச் சற்று நேரத்தில் பார்ப்போம்.

இஸ்ரேல் உருவானதை ஒட்டி நடந்த 1948 போருக்குப் பிறகு ஆற்றின் கரைகளில் பகை நாடுகள் நின்றன. 1953 செப்டம்பரில், ஜோர்டான் ஆற்றின் மேற்பகுதியில், சிரியாவுடனான போர்நிறுத்த உடன்பாட்டின்படி ராணுவம் நீக்கப்பட்ட பகுதிக்குள், இஸ்ரேல் ஒரு கால்வாயை வெட்டத் தொடங்கியது. அங்கிருந்து எடுத்தால் தண்ணீர் தன் சரிவிலேயே கீழே ஓடும், உப்பும் குறைவு. சிரியா ஐ.நா.விடம் முறையிட்டது; அமெரிக்கா இஸ்ரேலுக்கான உதவியை நிறுத்திவைத்தது; பணி நின்றது. அதன் விளைவாக, தண்ணீர் எடுக்கும் இடம் கலிலேயக் கடலின் வடமேற்குக் கரைக்கு மாற்றப்பட்டது. கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 210 மீட்டரில் இருக்கும் அந்த ஏரியிலிருந்து தண்ணீரை மேலேற்றுவதற்குப் பெரும் மின்சாரம் வேண்டும். ஏரிக்கரையில் ஊறும் உப்பு ஊற்றுகளை வேறு வழியில் திருப்பவும் வேண்டும். அப்படித் திருப்பப்பட்ட உப்பு நீர் ஏரிக்குத் தெற்கே ஜோர்டான் ஆற்றிலேயே விடப்பட்டது. கீழ்ப்பகுதியில் வாழ்ந்தோருக்கு நல்ல தண்ணீர் குறைந்ததோடு, மிஞ்சிய தண்ணீரும் உவர்ந்தது.

அதே 1953இல் அமெரிக்க அதிபர் ஐசனோவர், எரிக் ஜான்ஸ்டன் என்பவரைத் தம் சிறப்புத் தூதராக அனுப்பினார். இரண்டு ஆண்டுகள் அவர் தலைநகருக்குத் தலைநகர் பயணம் செய்து உருவாக்கிய பங்கீட்டுத் திட்டத்தை, என் பார்வையில், இந்த வரலாற்றில் கைநழுவிப்போன மிகப் பெரிய வாய்ப்பு என்றே சொல்வேன். ஜோர்டானுக்கு ஆண்டுக்கு 72 கோடி கன மீட்டர், சிரியாவுக்கு 13.2 கோடி, லெபனானுக்கு 3.5 கோடி, மீதி இஸ்ரேலுக்கு என்று 1955ஆம் ஆண்டின் வடிவம் பிரித்தது. ஜோர்டானின் பங்கில், அப்போது அதன் ஆட்சியிலிருந்த மேற்குக் கரைக்கான (ஜோர்டான் ஆற்றுக்கு மேற்கே பாலஸ்தீனர் வாழும் பகுதி) தண்ணீரும் சேர்ந்திருந்தது. இரு தரப்புப் பொறியாளர்களும் ஏறத்தாழ ஒத்துக்கொண்டார்கள். ஆனால் அதில் கையெழுத்திடுவது இஸ்ரேலை அங்கீகரிப்பதாக ஆகிவிடும் என்ற தயக்கத்தால், 1955 அக்டோபரில் அரபு லீக் ஒப்புதல் தரவில்லை. ஒப்பந்தம் இல்லாத நிலையிலும், அமெரிக்கப் பண உதவியை நாடிய ஜோர்டானும் இஸ்ரேலும் தத்தம் திட்டங்களை அந்த அளவுகளை ஒட்டியே வகுத்தன என்பது கவனிக்கத்தக்கது. யார்மூக்கிலிருந்து நீர் எடுக்கும் கிழக்கு கோர் கால்வாயை ஜோர்டான் கட்டியது அப்படித்தான்.

[காட்சி: தேசிய நீர்க் குழாய்த் திட்டத்தின் பாதை, கலிலேயக் கடலிலிருந்து நெகேவ் நோக்கி]

1964இல் இஸ்ரேலின் தேசிய நீர்க் குழாய்த் திட்டம் நிறைவடைந்தது. ஏறத்தாழ 130 கிலோமீட்டர் நீளத்துக்குக் குழாய்களும் கால்வாய்களும் சுரங்கங்களும் இணைந்து, வடக்கின் ஏரி நீரைத் தெற்கின் நெகேவ் பாலைவனம் நோக்கிக் கொண்டுசென்றன. ஆற்று நீரை அதன் படுகைக்கு வெளியே கொண்டுபோவதை அரபு நாடுகள் கடுமையாக எதிர்த்தன. அந்த ஆண்டு ஜனவரியில் கெய்ரோவில் கூடிய அரபு உச்சி மாநாடு, ஹஸ்பானியையும் பானியாஸையும் இஸ்ரேலை அடையுமுன்பே திருப்பி, யார்மூக் வழியாக ஜோர்டானுக்குக் கொண்டுசெல்ல முடிவெடுத்தது. 1965 தொடக்கத்தில் பாலஸ்தீன ஆயுத இயக்கமான ஃபத்தா நடத்த முயன்ற முதல் தாக்குதலின் இலக்கும் இந்த நீர்க் குழாய்த் திட்டமே. வைக்கப்பட்ட வெடிபொருள் வெடிக்கவில்லை.

திருப்பும் பணி சிரியாவில் தொடங்கியதும், இஸ்ரேல் அதன் இயந்திரங்களை முதலில் டாங்கிக் குண்டுகளாலும், பின்னர் 1966 ஜூலையில் விமானங்களாலும் தாக்கியது. பணி கைவிடப்பட்டது. 1967 ஜூன் போருக்கு எகிப்துப் படைகளின் சினாய் நகர்வும் திரான் நீரிணை அடைப்பும் உடனடிக் காரணங்கள்; எனினும் சிரிய எல்லையில் பகையை அந்த அளவுக்குச் சூடேற்றியவற்றுள் நீர் திருப்பும் போட்டியும் ஒன்று என்பதை மறுக்க முடியாது.

ஆறே நாளில் தண்ணீரின் வரைபடம் மாறியது. கோலானுடன் பானியாஸ் ஊற்றும், யார்மூக்கின் வடகரையில் ஒரு பகுதியும் இஸ்ரேலின் கைக்கு வந்தன. அதைவிடப் பெரிய மாற்றம் கண்ணுக்குத் தெரியாதது: மேற்குக் கரையின் மலைகளுக்கு அடியில் இருக்கும் மலை நிலத்தடி நீர்த்தேக்கம் முழுவதும் ஒரே தரப்பின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது.

[காட்சி: மலைத்தொடரின் குறுக்குவெட்டுப் படம், மழைநீர் மேற்கேயும் கிழக்கேயும் வடகிழக்கேயும் பிரிந்து இறங்குகிறது]

இந்த இடத்தில் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இன்றைய பிரச்சினையின் உள்ளடக்கம் இங்கேதான் இருக்கிறது. மழை பெரும்பாலும் மேற்குக் கரையின் உயர்ந்த பகுதிகளில் பெய்து பாறைக்குள் இறங்குகிறது. அதில் மிகப் பெரிய பங்கு நிலத்தடியில் மேற்கு நோக்கிச் சென்று, இஸ்ரேலின் சமவெளியில் யார்கோன், தனினிம் ஊற்றுகளில் வெளிப்படுகிறது. தண்ணீர் உள்ளே இறங்கும் இடம் எங்கள் நிலம் என்கிறார்கள் பாலஸ்தீனர்கள். வெளிவரும் இடம் எங்களுடையது, 1967க்கு வெகுகாலம் முன்பிருந்தே அதைப் பயன்படுத்தி வருகிறோம் என்கிறது இஸ்ரேல். சர்வதேச நீர்ச் சட்டம் இவற்றுள் ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்பளிப்பதில்லை. மக்களின் தேவை, மாற்று நீர் வழிகள், ஏற்கெனவே உள்ள பயன்பாடு எல்லாவற்றையும் சேர்த்து நியாயமான பங்கீட்டைக் கோருகிறது.

பங்கீடு குறித்த பேச்சு எதுவும் நடக்கவில்லை. 1967 ஆகஸ்டில் பிறப்பிக்கப்பட்ட 92ஆம் ராணுவ ஆணை, மேற்குக் கரையின் தண்ணீர் மீதான அதிகாரத்தை ராணுவத் தளபதியிடம் கொடுத்தது. அந்த ஆண்டு நவம்பரில் வந்த 158ஆம் ஆணையின்படி, அனுமதி இல்லாமல் புதிய கிணற்றையோ நீர் அமைப்பையோ ஏற்படுத்த முடியாது. ஜோர்டான் ஆற்றின் கரையில் வாழ்ந்தும், 1967 முதல் அந்த ஆற்றிலிருந்து தண்ணீர் எடுக்கும் வாய்ப்பு பாலஸ்தீன விவசாயிகளுக்கு இல்லாமல் போனது.

1995 செப்டம்பரில் இஸ்ரேலுக்கும் பாலஸ்தீனத் தலைமைக்கும் இடையே கையெழுத்தான இரண்டாம் ஓஸ்லோ உடன்பாட்டின் 40ஆம் பிரிவு தண்ணீரைப் பற்றியது. மேற்குக் கரையில் பாலஸ்தீனர்களுக்கு நீர் உரிமை உண்டு என்று இஸ்ரேல் அதில் ஏற்றுக்கொண்டது. அந்த உரிமை எவ்வளவு என்பதை இறுதிப் பேச்சுவார்த்தைக்கு ஒத்திவைத்தது. மலை நீர்த்தேக்கத்தின் ஆண்டு வளம் 67.9 கோடி கன மீட்டர் என்று அதில் கணக்கிடப்பட்டது. அப்போதைய பயன்பாடாக இஸ்ரேலுக்கு 48.3 கோடியும் பாலஸ்தீனர்களுக்கு 11.8 கோடியும் குறிக்கப்பட்டன, எஞ்சிய 7.8 கோடி, தோண்டுவதற்குக் கடினமான கிழக்குப் பகுதியில் இருந்தது. மேற்குப் பகுதியில் மட்டும் பார்த்தால், இஸ்ரேலுக்கு 34 கோடி, பாலஸ்தீனர்களுக்கு 2.2 கோடி. ஐந்து ஆண்டுகளுக்கான இடைக்கால ஏற்பாடாக எழுதப்பட்ட இந்த எண்களே இன்றும் அடிப்படையாக இருக்கின்றன. இடைப்பட்ட காலத்தில் மக்கள்தொகை பெருகியது. எண்கள் அப்படியே நின்றன.

உடன்பாடு அமைத்த கூட்டு நீர்க் குழுவில் எந்த முடிவுக்கும் இருதரப்பின் ஒப்புதல் வேண்டும். கேட்பதற்குச் சமத்துவமாகத் தோன்றும் இந்த விதி, மேற்குக் கரைக்குள் நடக்கும் பணிகளுக்கு மட்டுமே பொருந்தும். அதே நீர்த்தேக்கத்திலிருந்து இஸ்ரேல் தன் எல்லைக்குள் எடுக்கும் தண்ணீருக்குப் பொருந்தாது. மேற்குக் கரையின் ஏறத்தாழ 60 சதவீதமான, இஸ்ரேலின் முழுக் கட்டுப்பாட்டில் உள்ள 'சி' பகுதியில், குழு ஒப்புக்கொண்ட பணிக்கும் இஸ்ரேலிய ராணுவ நிர்வாகத்தின் அனுமதி தனியாக வேண்டும். பாலஸ்தீன நகரங்களின் கழிவுநீர் சுத்திகரிக்கப்படாமல் ஓடைகளில் கலக்கிறது, அனுமதியற்ற கிணறுகள் தோண்டப்படுகின்றன, குழாய்களில் பெருமளவு தண்ணீர் கசிந்து வீணாகிறது என்பவை இஸ்ரேலின் புகார்கள்; அவை பொய்யல்ல. ஆனால் சுத்திகரிப்பு நிலையம் கட்டுவதற்கும், 'சி' பகுதியில் புதிய குழாய் போடுவதற்கும் அதே அனுமதிக் கதவைத்தான் தட்ட வேண்டும்.

இதன் விளைவு வீட்டுக் கூரைகளிலேயே தெரியும். பாலஸ்தீன வீடுகளின் மேல் கறுப்புத் தண்ணீர்த் தொட்டிகள் வரிசையாக நிற்கும், ஏனெனில் கோடையில் குழாயில் தண்ணீர் தினமும் வருவதில்லை. இஸ்ரேலில் ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 240 லிட்டர் அளவில் பயன்படுத்த, மேற்குக் கரைப் பாலஸ்தீனருக்குக் கிடைப்பது ஏறத்தாழ 80 லிட்டர். உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் 100 லிட்டரைவிட அது குறைவு.

மற்ற எல்லைகளைச் சுருக்கமாகப் பார்ப்போம். 2002இல் ஹஸ்பானியின் கிளையான வஸ்ஸானி ஊற்றில் சில கிராமங்களுக்காக லெபனான் பம்புகளை நிறுவியபோது, இஸ்ரேல் போர் எச்சரிக்கை விடுத்தது. வெளிநாடுகள் தலையிட்டுத் தணித்தன. சிரியாவுடனான பேச்சுவார்த்தை 2000 மார்ச்சில் ஜெனீவாவில், அதிபர் கிளிண்டன் ஹாஃபிஸ் அல்-அசாதைச் சந்தித்தபோது முறிந்தது. கோலானின் பெரும்பகுதியைத் திருப்பித் தர வழி இருந்தும், கலிலேயக் கடலின் வடகிழக்குக் கரையோரப் பட்டையில் இருதரப்பும் விட்டுக்கொடுக்கவில்லை. முன்பு சொன்ன 1923ஆம் ஆண்டின் பத்து மீட்டர் அங்கேதான் இருக்கிறது.

ஜோர்டானுடனான அனுபவம் வேறு விதமானது. 1994 அமைதி ஒப்பந்தத்தின் இணைப்பு, யார்மூக்கிலிருந்து இஸ்ரேல் எடுக்கும் அளவை வரையறுத்தது. குளிர்காலத்தில் இஸ்ரேல் கூடுதலாக எடுக்கும் 2 கோடி கன மீட்டருக்கு ஈடாக, கோடையில் அதே அளவு ஜோர்டானுக்குத் திரும்ப வேண்டும் என்றும் எழுதியது. 1999 வறட்சியில் அளவைக் குறைக்க இஸ்ரேல் முனைந்தபோது கசப்பு எழுந்தது. இருந்தும் ஏற்பாடு உடையவில்லை. எண்கள் தெளிவாக எழுதப்பட்ட ஓர் ஒப்பந்தம், அரசியல் உறவு குளிர்ந்த ஆண்டுகளிலும் தண்ணீரை ஓடவைத்தது.

[காட்சி: கடல்நீர் சுத்திகரிப்பு ஆலை, மத்தியதரைக் கடற்கரை]

2005இல் அஷ்கெலோனில் தொடங்கிய கடல்நீர் சுத்திகரிப்பு ஆலைகள் கணக்கையே மாற்றிவிட்டன. அதன்பின் பல்மாஹிம், ஹதேரா, சோரெக், அஷ்தோத் ஆலைகள் வந்தன. கழிவுநீரில் ஏறத்தாழ 90 சதவீதத்தைச் சுத்திகரித்து விவசாயத்துக்குக் கொடுக்கிறது இஸ்ரேல். இது பெரும் பொறியியல் சாதனை. அதைப் பாராட்டத் தயங்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு தரப்புக்குக் கடலே கிணறாகிவிட்ட பிறகு, மலையிலிருந்து எடுக்கப்படும் தண்ணீரில் ஐந்தில் நான்கு பங்கைத் தேவையின் பேரால் நியாயப்படுத்துவது எப்படி என்ற கேள்வி முன்னைவிடக் கூர்மையாக எழுகிறது.

காஸாவுக்கும் கடற்கரை உண்டு. அங்குள்ள கரையோர நிலத்தடி நீர், மழையால் ஊறும் அளவைவிடப் பல ஆண்டுகள் மிகையாக இறைக்கப்பட்டதால் கடல்நீரும் கழிவுநீரும் கலந்து, 95 சதவீதத்துக்கும் மேல் குடிக்கத் தகுதியற்றதாகிவிட்டது. சிறிய சுத்திகரிப்பு ஆலைகளும் இஸ்ரேலின் அரசு நீர் நிறுவனமான மெக்கோரோட்டின் மூன்று குழாய்களுமே ஆதாரமாக இருந்தன. 2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் நடத்திய கொடூரத் தாக்குதலுக்கு இரண்டு நாள் கழித்து, மின்சாரத்தோடும் எரிபொருளோடும் தண்ணீரையும் நிறுத்துவதாக இஸ்ரேல் அறிவித்தது. குழாய்கள் பின்னர் பகுதியளவில் திறக்கப்பட்டன. ஆனால் எரிபொருள் இல்லாமல் ஆலைகளும் பம்புகளும் இயங்கவில்லை. மக்கள் உவர்நீரைக் குடித்தார்கள். பொதுமக்களின் குடிநீரைப் போர்க் கருவியாக்குவதை எந்தக் காரணமும் நியாயப்படுத்தாது.

அந்தப் போர் ஜோர்டானுடனான திட்டத்தையும் நிறுத்தியது. ஜோர்டானின் சூரிய மின்சாரத்துக்கு ஈடாக ஆண்டுக்கு 20 கோடி கன மீட்டர் சுத்திகரித்த நீரை இஸ்ரேல் தருவதற்கு, ஐக்கிய அரபு அமீரகத்தின் துணையோடு 2021இல் விருப்ப அறிவிப்பு கையெழுத்தாகியிருந்தது. 2023 நவம்பரில், இதற்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திடப் போவதில்லை என்று ஜோர்டான் கூறிவிட்டது.

மேற்குக் கரைக்கோ கடற்கரையே இல்லை. மத்தியதரைக் கடலின் சுத்திகரித்த நீர் அங்குள்ள ஒரு மலைக் கிராமத்தை அடைய வேண்டுமானால், மெக்கோரோட்டிடம் விலைக்கு வாங்கி, நூற்றுக்கணக்கான மீட்டர் உயரத்துக்கு ஏற்ற வேண்டும். அந்தக் கிராமத்தின் அடியிலேயே மழைநீர் தேங்கி நிற்கிறது. இறுதிப் பேச்சுவார்த்தை என்றேனும் மீண்டும் தொடங்கினால், கூடுதல் தண்ணீரை என்ன விலைக்கு விற்பது என்பதற்கு முன்பாக, 40ஆம் பிரிவு எழுதாமல் விட்ட அந்த அளவை எழுதியாக வேண்டும்.